மூன்று மில்லிமீற்றர் குறைந்த கார்ட் பெட்டி

என் அன்பு மச்சானே, ஒஸ்லோ மாநகரம் கண்ட ஒரே இலங்கை ரயில் கார்ட் ஐயாவே,

யாரும் நம்பமாட்டாத கதையொன்றைத் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணி உனக்குச் சொல்லப்போகிறேன். உன் பெட்டி ஓடியது. வடக்கே போகும் மெயில் வண்டியின் வாலில் நீ பச்சைக் கொடியோடு நின்றுவந்த அந்தக் கார்ட் பெட்டியை எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருக்கி, குரோருட் அடுக்குமாடியின் நிலவறையில் ஒன்பது குளிர்காலம் குந்தியிருந்து செய்தாயே, அதுதான். போன சனிக்கிழமை, உன் நோர்வே நண்பர் ஆர்னேயின் மாதிரி ரயில் சங்கத்துக் கண்காட்சியில் ஓடியது.

சனம் என்றால் அப்படியொரு சனம். லோறென்ஸ்கூக்கிலிருந்து புறப்பட்ட நம்மவர்களின் கார் வரிசையின் வால் சுவீடன் எல்லையைத் தாண்டி நீண்டது. ஹவுகெட்டோவில் ஒரு சாரதி பயணிகளோடு ரயிலை அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்தான். சங்கத்தார் உன் பெட்டியைக் கண்டு வெட்கித் தலைகுனிந்து, இருபது வருடமாய்ப் போட்ட தண்டவாளம் முழுவதையும் பிடுங்கி, உன் அகலத்துக்கு மாற்றிப் போட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில்.

இவ்வளவையும் உன் தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, செத்த மனுசனுக்குமே புளுகுறியள்?"

"கொண்ணைக்கு என்ரை புளுகு பிடிக்கும்."

"ஓம், உங்கடை புளுகு பிடிக்கும். அந்தப் பெட்டியிலை புளுகினா அண்ணைக்குப் பிடிக்காது."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு பேனை முன்னைப்போல் பாயவில்லை, மச்சான்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஒட்டுக்கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்த் தண்டவாளம் நோர்வேத் தண்டவாளத்தைவிட அகலம். எவ்வளவு சுருக்கினாலும் அந்த அகலம் விட்டுப் போகாது. உன் அளவில் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் கூடுதலாய் நிற்கும். நீ அப்படியே செய்தாய். அதனால் உன் பெட்டி ஆர்னேயின் சங்கத்தில் எந்தத் தண்டவாளத்திலும் ஏறாது.

ஆர்னே தன் அமெரிக்கக் கார்ட் பெட்டிகளை உன் நிலவறைக்குக் கொண்டுவந்த நாள் ஞாபகமா? சிவப்புச் சிவப்பாய், கூரையில் பார்வை மாடம் வைத்தவை. மனுசன் ஒவ்வொன்றையும் குழந்தையைப்போலத் தூக்கிக் காட்டினார். நீ நோர்வேஜிய மொழியில் பணிவாகப் புகழ்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"உச்சியிலை கோழிக்கூடு கட்டி வைச்சிருக்கிறாங்களடா. கார்ட் என்ன, முட்டையிடப் போறவனே?"

அன்றைக்குத்தான் ஆர்னே சொன்னார்: "மூன்று மில்லிமீற்றர்தானே. குறைத்துவிடு. யாருக்குத் தெரியப்போகிறது?"

"எனக்குத் தெரியும்," என்றாய் அவருக்கு. எனக்குத் தமிழில் சொன்னாய்: "குறைச்சா அது காங்கேசன்துறைக்குப் போகாது. இங்கத்தை ட்ரொன்ஹைமுக்குத்தான் போகும்."

பிறகு நீயே உன் அகலத்தில் தண்டவாளம் போடத் தொடங்கினாய். ஒரு மீற்றர் முடிந்தது. மிச்சத்துக்கு உன் நெஞ்சுவலி இடம் கொடுக்கவில்லை.

பெட்டி முடியுமுன், சமாதானம் வந்த நேரம் அளவுநாடாவோடு ஊருக்குப் போனாயே, உண்மைப் பெட்டி ஒன்றாவது துருப்பிடித்துக் கிடக்கும், அளந்து வரலாம் என்று. பெட்டியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. தண்டவாளம் பதுங்குகுழிகளுக்குக் கூரையாய்ப் போயிருந்தது. நாடாவைப் பிரிக்காமலே திரும்பி வந்தாய். அதற்குப் பிறகு உன் உடம்பாலேயே அளந்தாய். பிரேக் சக்கரம் உன் நெஞ்சுயரம். யன்னல் உன் முழங்கை படும் இடம். இருக்கை, நீ குனியாமல் கொடியை எடுக்கக்கூடிய தூரம். அந்த உடம்பையும் நாங்கள் எரித்துவிட்டோம். இனி எதை வைத்து எதைச் சரிபார்ப்பது?

நிலவறையைக் காலிசெய்யச் சொல்லிக் கட்டடக்காரர்கள் கடிதம் போட்டார்கள். பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆர்னே தொலைபேசியில் கூப்பிட்டார். கண்காட்சியில் உன் ஞாபகமாக ஓடவிடலாமா என்று கேட்டார். மூன்று மில்லிமீற்றரையும் நினைவுபடுத்தினார்.

நீ அடிக்கடி சொல்வாய்: இயந்திரம் வந்தால் வண்டி வந்ததாகாது, கடைசிப் பெட்டியின் வால்விளக்கு கடந்தால்தான் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி முழுசாய் வந்து சேர்ந்தது என்று எழுதுவார். அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. ஒரு தரமாவது வந்து சேரட்டுமே என்று நினைத்தேன். நீ ஈயம் வைத்து ஒட்டிய அச்சு நான்கையும் சமையலறை மேசையில் வைத்து அறுத்தேன். மூன்று மில்லிமீற்றர் எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன். சூட்டில் இரண்டு சக்கரம் கோணின. தட்டி நிமிர்த்தினேன்.

கண்காட்சி முடிந்து வந்து, பெட்டியை உன் ஒரு மீற்றர் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் விழுந்து கிடந்தது.

புது அச்சுப் போடலாம் என்கிறார் ஆர்னே. போடலாம். அந்தக் கை யாரிடம் இருக்கிறது? என் கை பலகாரத் தட்டுக்கு நீளுகிற கை என்று நீதானே சொன்னாய். ஊர்ச் செய்தி கேட்காதே. சண்டை தொடங்கி, ஊருக்குப் போகும் பாதையைத் திரும்பப் பூட்டிவிட்டார்கள். உன் தங்கை வானொலியை நிறுத்திவிட்டாள்.

ஆகவே மச்சான், சனம் பொய். கார் வரிசை பொய். நடந்து வந்த சாரதி சுத்தப் பொய். பிடுங்கி மாற்றிய தண்டவாளம், என் வாழ்நாளிலேயே பெரிய பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் மெய்: பெட்டி ஒரு சுற்று ஓடியது. ஒரு நிமிடமும் ஆகவில்லை. பார்த்தது ஆர்னேயும் நானும்தான். அவர் கைதட்டினார். எனக்குக் கை எழவில்லை. வந்து சேர்ந்தது உன்னுடைய பெட்டியாக இருக்கவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அதை ஒருவருக்கும் "மச்சான் செய்த பெட்டி" என்று காட்டமாட்டேன். கேட்டால், மச்சான் சரியாகச் செய்ததை நான் அறுத்தேன் என்று சொல்வேன். அந்த ஒன்றில் மட்டும் கூட்டியும் சொல்லேன், குறைத்தும் சொல்லேன்.

உன் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு உனக்கு வாய்த்த,
மச்சான்