பதினான்கு அங்குலத்தில் ஒரு மலைப்பாதை

வளைவு தெரியாத இடத்தில் தவிர ஒருநாளும் ஹாரன் அடிக்காத என் அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற முதல் மார்கழி இது. குறுக்குத்துறையில் காலையில் ஆறே தெரியவில்லை, தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் பனியின் வெள்ளைக்குள்ளிருந்து வருகிறது. உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைக்கிறாள். அடுத்த மார்கழியில் இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்திலுள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். "நம்ம வீட்டுதும் நின்னுருமாட்டி?" என்று கேட்டாள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஒரு பதில் சொன்னேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வதில் உங்கள் மகளை யார் மிஞ்ச முடியும்? இந்தக் கடிதமும் அதைப் பற்றித்தான்.

பதினெட்டு வருஷம் மாஞ்சோலை பஸ் ஓட்டினீர்கள். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் உங்கள் முகமே வேறாகிவிடும் என்று கண்டக்டர் மாமா சொல்வார். போன வருஷம் கண் பரிசோதனையில் உங்களைத் தள்ளிவிட்டார்கள். பிறகு டிப்போவில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்கு வண்டிச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. "சர்க்கரை கொஞ்சம் கண்ணுக்கு ஏறிட்டாம், வேற ஒண்ணுமில்ல" என்றீர்கள். நாங்களும் வேறொன்றுமில்லை என்றே இருந்துவிட்டோம். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வலது கால் தானாக அமுங்கி அமுங்கி எழும். அதை மட்டும் நான் பார்த்தேன்.

அப்போதுதான் நான் பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்திருந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மலை, வளைவு, ஒரு பக்கம் பள்ளம். வீட்டுக்கு வந்து சொன்னேன். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அதுல கியர் உண்டாட்டி?"

உண்டு என்றேன். உங்கள் கண்ணில் அப்போது வந்த ஆசையைப் பார்த்ததும் எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. இவருக்கு மறுபடியும் ஒரு மலைப்பாதை வேண்டும், அதை நான்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த 'நான்தான்' என்பதை அன்றைக்கே யாராவது தலையில் குட்டி அடக்கியிருக்கலாம்.

கையில் இருந்தது முப்பத்தைந்தாயிரம். கம்பெனிக்காரர்கள் விற்கிற கம்ப்யூட்டர் அதற்கு எட்டாது, சாமானைத் தனித்தனியாகப் பொறுக்கிப் பூட்டினால்தான் உண்டு. கூடத்துத் தரையில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பிராசசர் என்பது இன்ஜின் என்றதும் தலையாட்டினீர்கள். ராம் என்றால் என்ன என்று கேட்டீர்கள். ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் நிற்கலாம் என்கிற இடம் என்றேன்.

"அப்ப அதுல கை வைக்காத. மாஞ்சோலை வண்டியில நிக்க இடமில்லன்னா அடிதடியாயிரும்."

அதனால் ராம் இரண்டு மடங்கானது. அதற்கு ஈடாக ஹார்ட் டிஸ்க் சின்னதானது, பிராசசரில் ஒருபடி இறங்கினோம். பிரின்டர் வேண்டாம், மோடம் வேண்டாம். கேபினெட் எது மலிவோ அது. "டிக்கெட் கிழிக்க ஒரு மிஷினும் சேத்து எழுதுங்க" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். நீங்கள் நிஜமாகவே பேனாவைக் கேட்டு அதையும் எழுதினீர்கள்.

ஜங்ஷனில் மாடிப்படி ஏறி காஜா அண்ணாச்சி கடைக்குப் போனோம். அவர் மேலப்பாளையத்துக்காரர். அவருடைய தம்பி துபாயிலிருந்து வரும்போது பெட்டியில் சோப்புக்கும் பால்பவுடருக்கும் நடுவில் கம்ப்யூட்டர் சாமானும் வரும். அப்படி வந்த ஒரு த்ரீ-டி கார்டை அண்ணாச்சி மேஜைமேல் வைத்தார். விளையாட்டில் வருகிற படத்தை நிஜம் மாதிரி ஆக்குகிற கார்டு. அதை வாங்கினால் மானிட்டர் பதினான்கு அங்குலத்துக்கு மேல் முடியாது. கார்டை விட்டால், ஏதோ டி.டி.பி. சென்டர் கழித்துப் போட்ட பதினேழு அங்குல மானிட்டர் ஒன்று மூலையில் இருந்தது, அது கிடைக்கும்.

நீங்கள் அந்த மூலைக்குத்தான் போனீர்கள். "இது நல்லா பெருசா இருக்கே" என்றீர்கள். நான் காதில் வாங்கவில்லை. "முன்கண்ணாடி அகலமா இருந்தா வளைவு முந்தியே தெரியும்லா" என்றீர்கள். நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். பழசு, சீக்கிரம் வெளுத்துப்போகும், கரண்ட் தின்னும். கார்டு இல்லாவிட்டால் மரமெல்லாம் அட்டைப்பெட்டி மாதிரி நிற்கும், பாதை கட்டம் கட்டமாகத் தெரியும். கார்டு இருந்தால் மலையில் பனி இறங்கும் அப்பா, உங்கள் பஸ் போகிற காக்காச்சியில் இறங்குகிற மாதிரியே.

"பனி இறங்குமா?" என்று கேட்டீர்கள்.

"இறங்கும்."

காஜா அண்ணாச்சி என்னை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதிய?"

உங்கள் கை அந்தப் பெரிய மானிட்டரின் தலைமேல் இருந்தது. கையை எடுத்துவிட்டு, "எம்மவ படிச்சிருக்கா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களை நினைத்தால் கனவு மாதிரித்தான் இருக்கிறது. டிப்போவிலிருந்து வந்து கைகால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு உட்காருவீர்கள். ஜன்னல் வழியே ஆற்றுக் காற்று வரும். திரையில் எந்த நாட்டு மலையோ, பேர் தெரியாத மரங்கள், அவற்றின் நடுவே பைய இறங்குகிற பனி. நீங்கள் அதற்கு ஊர் வைத்துக்கொண்டே போவீர்கள். இது செக்போஸ்ட், இது மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு. "நாலுமுக்கு தாண்டி ஊத்துக்கு ஒரு டிக்கெட்" என்பாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. எந்த மலையில் இருக்கிறோம் என்பது மூன்று பேருக்குமே கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

மற்ற கார்கள் எல்லாம் தாண்டிப் போய்விடும். நீங்கள் ஊர்ந்து ஊர்ந்து கடைசியாக வருவீர்கள். இது ரேஸ்ப்பா என்று சிரிப்பேன். "வண்டியில ஆள் இருக்குல்லா, பையத்தான் போணும்" என்பீர்கள். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருப்பீர்கள். கண் கெட்டுப்போகும், தள்ளி உட்காருங்கள் என்று நாற்காலியைப் பின்னால் இழுப்பேன். ஒருநாள் விடாமல் இழுத்தேன். நீங்களும் ஒருநாள்கூட ஒன்றும் சொல்லவில்லை. பனி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அப்படியே இருக்குட்டி" என்பீர்கள்.

சித்திரையில் வாங்கினோம். புரட்டாசியில் ஒரு காலை டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

கார்த்திகையில் நான் காஜா அண்ணாச்சி கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். போன வாரம் ஒருவர் அந்தப் பதினேழு அங்குல மானிட்டருக்கு விலை கேட்டார். அது விற்பதற்கில்லை என்று அண்ணாச்சி அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். கல்லாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லப்படாதுன்னு ஒங்க அப்பா வாக்கு வாங்கிட்டாவ. இனி சொன்னா என்னம்மா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை டிப்போவுல இருந்து நேரே இங்கனதான் வருவாவ. கண்ணுக்கு நடுவுல கறுப்பா மறைக்கி, சின்னத் திரையில ரோடே தெரியலன்னாவ. இந்தப் பெருசுல போட்டுக் குடுத்தேன். கார்டு கிடையாது, கட்டம் கட்டமாத்தான் ஓடுச்சி. ஆனா என்னா ஓட்டு ஓட்டுனாவ. ரேஸ்ல ரெண்டு தடவ மூணாவதா வந்தாவ."

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று அவரும் உங்களிடம் கேட்டாராம். "பிள்ள ஆசையாப் பாத்துப் பாத்துச் சேத்திருக்கா வே. மொகம் வாடிரும்" என்றீர்களாம்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை அப்பா, கோபம்தான் வந்தது. வண்டியில் ஆள் இருக்கிறது என்று என்னைச் சிரிக்கவைத்து ஏமாற்றினீர்களே. முகம் வாடினால் என்ன? இரண்டு நாள் வாடியிருக்கும். மூன்றாம் நாள் கார்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெரிய மானிட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருப்பேன். பிறகு கோபம் என் பக்கம் திரும்பியது. நீங்கள் சொல்லாமலா இருந்தீர்கள்? கடையில் வைத்து இரண்டு தடவை சொன்னீர்கள். என்ன வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசித்த நான், யார் பார்க்கப் போகிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

ஆனாலும் நீங்கள் ஓட்டியிருக்கிறீர்கள். அதை நினைக்கும்போது மட்டும் மனசு லேசாகிறது. என் கையால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லாத சேதி ஒன்று இருக்கிறது. தை பிறந்ததும் ஜங்ஷனில் ஒரு மாடி வீட்டுக்கு மாறுவதாக இருந்தோம். கடைக்கு நடந்தே போகலாம், குழாயில் தண்ணீர் வரும், எல்லாம் நான் பார்த்துப் பேசி முடித்தது. அம்மாவைக் கேட்டதற்கு "ஒனக்குச் சரின்னா சரி" என்றிருந்தாள். இப்போது மறுபடியும் கேட்டேன். "அதான் சரின்னேம்லாட்டி" என்றாள். எழுந்து போகாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் கேட்டேன்.

வாசல் பக்கம் திரும்பினாள். "அவுக ஆத்துல குளிச்சிட்டு வார செருப்புச் சத்தம் இந்தத் தெருவுலதானட்டி கேட்டுச்சி. இப்பவும் விடியக்காலம் கேக்க மாதிரி இருக்கு. அங்கன மாடியில போய் இருந்தா எனக்கு என்னத்தக் கேக்கும்?"

இதையும் காதில் வாங்காமல் விட இருந்தேன் அப்பா. நாளைக்குப் போய் அந்த வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். திட்டுவார், திட்டட்டும். அம்மா எனக்காகத் தலையாட்டுகிற ஒவ்வொரு தடவையும், அது நிஜம்தானா என்று இன்னொரு முறை கேட்பேன். உங்களிடம் கேட்காமல் விட்டதை அவளிடம் விடமாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
முகம் வாடினாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய
உங்கள் மகள்
கோமதி