ஊதச் சொல்ல முடியாத தூரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னவள் எழுதுவது. நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

எனக்கு இங்கே என்ன வேலை என்று அத்தை கேட்டதாகச் சொன்னீர்கள். சாக்கடைத் தண்ணீரைச் சோதித்து, இந்த ஊர் எவ்வளவு குடிக்கிறது என்று கணக்கிடுகிறோம். கீழே கொட்டிய சரக்கு இதில் சேராது. குடித்தவர் உடம்பு சிறுநீரில் விடும் தடயத்தைத்தான் அளக்கிறோம். போன வாரம் சாக்கடைத் தண்ணீர் கேனின் மூடி கழன்று என் மேலெல்லாம் கொட்டிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. ராணி மாதிரி தனியாக வந்தேன், போங்கள்.

வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கைவிடச் சாக்கடைக் கணக்கு இரண்டு மடங்கு வந்தது. "கேட்டா எல்லாரும் பாதியைத்தான் சொல்லுவாங்க" என்று மேலாளர் சிரித்தார். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. "எங்க, ஊதுங்க பாக்கலாம்" என்று வாசலில் மறிப்பாள். நீங்கள் மூச்சை உள்ளே இழுப்பீர்கள். அவள் இருந்த கடைசி வருஷம் ஊதச் சொல்லவே இல்லை.

"விட்டுட்டேன்மா" என்று போனில் சொன்னீர்கள். நம்புகிறேன். போனில் ஊதச் சொல்லவும் முடியாதே.

இங்கே தரும் முகமூடி உறுத்துகிறது. மூக்கில் கட்டிக்கொள்ள அம்மாவின் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். எப்போதும் காலையிலேயே கூப்பிடுகிறீர்கள். ஒரே ஒரு நாள், ராத்திரி சாப்பிட்ட பிறகு கூப்பிடுங்கள் அப்பா.

உங்கள் சின்னவள்