பதினாலாம் நம்பர் ஸ்பேனரும் ராபர்ட் சித்தப்பாவும்

நொச்சிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெனிதாவுக்கு அப்பா எழுதுறது. மாதா புண்ணியத்துல நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், நீ மஸ்கட்டுல வேளைக்குச் சாப்பிடுறியா, டூட்டி முடிஞ்சு தூங்குறியான்னுதான் கவலை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மறுபடியும் மார்க்கெட்ல உக்காந்து மீன் விக்கிறா. இந்த விஷயத்தைப் போன்ல சொன்னா நடுவுல அவ அழுதுடுவா, அதான் எழுதுறேன், பயப்படாம கடைசி வரைக்கும் படி.

வியாழக்கிழமை காலையில, கூட வர்றவனுக்குக் காய்ச்சல்னு நான் மட்டும் நண்டு வலை எடுக்கப் போனேன். திரும்பும்போது இன்ஜின் நின்னு போச்சு. பாத்தா டீசல் பைப்பு போல்ட் லூசாகி ஒழுகிக்கினு இருக்கு. போல்ட்டு பன்னெண்டாம் நம்பர், என் பையில இருந்த ஸ்பேனர் பதினாலு, பெருசு. துணி சுத்திப் பாத்தேன், வலைக்கயிறு சுத்திப் பாத்தேன், வழுக்குது. காத்து வேற போட்டை வடக்கால துறைமுகத்துக் கல்லுங்க பக்கமா தள்ளுது, போன்ல சிக்னல் இல்லைம்மா. அப்போ ஒரு போட்டு வருது, பாத்தா உன் ராபர்ட் சித்தப்பா. தாத்தாவோட போட்டை அவனைக் கேக்காம நான் வித்ததுலேர்ந்து ரெண்டு வருஷமா என் மூஞ்சியைப் பாக்காதவன், தன் போட்டை என்னுதோட சேத்துக் கட்டிட்டு நேரா என் போட்டுல குதிச்சான். இன்னாண்ணா, நின்னு போச்சான்னு மட்டும் கேட்டான். கட்டி இழுக்கலாம்னா அவன் போட்டு நெறைய மீனு, அலையும் ஜாஸ்தி, அவன்கிட்ட இருந்த ஸ்பேனரும் பதினாலுதான். சுத்திமுத்தும் பாத்தவன், தேய்ஞ்ச வாஷருக்குப் பதிலா செருப்பு ரப்பரை வளையமா அறுத்துப் போட்டான். என் டிபன் கேரியரைத் தொறந்து ஸ்பூனை எடுத்து, அது காம்பை ஸ்பேனருக்கும் போல்ட்டுக்கும் நடுவுல சொருகினான். ஆடுற போட்டுல அதுக்கு ரெண்டு ஆள் வேணும், அவன் ஸ்பூனை அழுத்திப் பிடிச்சான், நான் திருப்பினேன். ரெண்டு தடவை வழுக்கி அவன் விரல் கிழிஞ்சு ரத்தம் கொட்டுது, பிடியை விடலை. மூணாவது தடவை போல்ட்டு இறுகிடுச்சு. லுங்கியைக் கிழிச்சு அவன் விரலைக் கட்டும்போதுதான், உன்னைக் கேக்காம வித்தது என் தப்புடான்னு சொன்னேன். அவன் கட்டின விரலோட பைப்பைத் தட்டிப் பாத்துட்டு, பைப்புல காத்து பூந்திருக்கும், அதை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுண்ணான்னு சொன்னான். ஸ்டார்ட் ஆச்சு, தன் போட்டுல ஏறி கரை வரைக்கும் பக்கத்துலயே வந்தான்.

இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் குடும்பத்தோட நம்ம வீட்டுக்கு வந்தான். அம்மா வஞ்சிரம் வறுத்தா. சித்தப்பா வராம கல்யாணம் வேணாம்னு நீ தள்ளிப் போட்டதை இன்னிக்குத்தான் அவன்கிட்ட சொன்னேன். பாதிச் சோத்துலயே எழுந்துட்டான். அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து, ஜனவரியில எந்த நாள் சொல்லுண்ணான்னு அவனே காலண்டரை எடுத்துட்டான்.

ஏசப்பா உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாரு. வெறும் வயித்துல தலைவலி மாத்திரை போடாதே. லீவுக்கு இப்பவே எழுதிப் போடு. இதைப் படிச்சதும் எனக்குப் போன் பண்ண வேணாம், முதல்ல சித்தப்பாவுக்குப் பண்ணு.

உன் அப்பா,
ஆரோக்கியராஜ்