தம்ரித் மேட்டுக்கு நானே போனேன்

ஜானெட்,
பேரீச்சை பழுக்கும் மாதம்.

அன்புள்ள ஊக்ஸெமுக்கு,

கெல்லா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் நலம். அல்ஜியர்ஸ் ஆஸ்பத்திரிச் சாப்பாடு உங்களுக்கு இறங்குகிறதா? இந்தக் கடிதத்தோடு பேரீச்சையும் அனுப்புகிறேன். பக்கத்துக் கட்டில்காரருக்கும் கொடுங்கள்.

நீங்கள் கணவாயில் விழுந்த பிறகு, கழுதைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் உங்கள் தம்பி அமூத். "மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போறது பொம்பள வேலையா அண்ணி?" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி அந்த மேட்டுல ஆடு மேய்ச்சது உங்க அண்ணனா, நானா?" என்று கேட்டேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் தானாகவே வந்து சுமை கட்டிக் கொடுத்தார்.

பாறை ஓவியம் பார்க்க வடக்கிலிருந்து வந்த மூன்று பேரைத் தம்ரித் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் விழுந்த இடத்தைத் தாண்டினேன். நிற்கவில்லை.

மேலே, அந்தக் காலத்து ஆட்கள் மாட்டு மந்தை வரைந்திருக்கும் பாறைக் குடைவில், மூவரில் படம் பிடிக்க வந்தவர் சுவரில் தண்ணீர் ஊற்றப் போனார். நனைந்தால் சிவப்பு பளிச்சென்று தெரியுமாம். அப்படி நனைத்து நனைத்துச் சாயம் கரைந்துதான் பாதி மாடுகளுக்குக் கொம்பே இல்லை. குறுக்கே போய் நின்றேன். "ஒரு தடவைதானேம்மா, தள்ளு" என்றார். "முன்னால வந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க. இந்தத் தண்ணி குடிக்கறதுக்கு. செவுத்துல ஊத்தறதா இருந்தா இப்பவே எல்லாரும் கீழ எறங்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தோற்பைகளைத் திரும்பவும் கழுதைமேல் ஏற்ற ஆரம்பித்தேன். கூட வந்த அம்மாள்தான் அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடினார்.

கீழே வந்ததும் படம் பிடிக்க வந்தவர் என்மேல் புகார் சொல்லிவிட்டார். மலை பார்க்க வருகிறவர்களை நம்மிடம் அனுப்பும் முதலாளி இனி எனக்கு யாரையும் அனுப்ப மாட்டாராம். போகட்டும். நானே மலைப் பூங்கா அலுவலகத்துக்குப் போய், வழிகாட்டி அனுமதி கேட்டேன். "ஊக்ஸெம் பேருக்குப் பதிலாவா?" என்றார்கள். "இல்ல, அவர் பேரும் இருக்கட்டும், என் பேரும் இருக்கட்டும்" என்றேன். என் பேரையும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் மறுபடி ஏறுகிறேன்.

கால் தேறி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அமூத் டாக்டரிடம் தொலைபேசியில் பேசிவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அழுதேன். அழுது முடித்தாயிற்று.

அங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்று இனி எழுத வேண்டாம். குளிர் தொடங்குமுன் வந்துவிடுங்கள். விமானம் இறங்கும் இடத்தில் எல்லோரும் நிற்போம். பெரியவர்கள் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சின்னவள் கேட்பாள். அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

இறைவன் உங்களை வீடுவரை நடத்திக் கொண்டுவரட்டும்.

உங்கள்
கெல்லா