முட்டில் ஒன்றும் இல்லை, அக்கா

என் உயிரோடு ஒட்டிக்கிடந்த செல்லம்மை அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முட்டுவலி கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. ஆறு மாதம் சாயங்காலம்தோறும் வைத்தியர் எண்ணெயைச் சூடாக்கி என் கால்முட்டில் தேய்த்தாயே, அது நல்ல முட்டு. நீ தேய்த்துத் தேய்த்து இன்னும் நல்லதாகிவிட்டது.

அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான் என்று வாக்கப்பட்டு வந்து ஒரே அடுக்களையில் முப்பது வருஷம் புகை தின்றோம். உன்னிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான்.

நின்று மூன்று வருஷமான தீட்டு எனக்குத் திரும்ப வந்தது. இளமை திரும்புகிறதாக்கும் என்று இரண்டு மாதம் சிரித்துக்கொண்டே ஒளித்தேன். அப்போதுதான் நீ என்னைத் திருவட்டாறு கோயிலுக்குக் கூட்டிப்போனாய். தீட்டோடு படி ஏற முடியுமா? ஏறாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டாயா? பேரன் எடுத்தவளுக்குத் தீட்டு என்றால் ஊர் சிரிக்காதா? "ஐயோ, என் முட்டு!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயில் வந்தது அதுதான். பல்வலி என்றிருந்தால் பல்லைப் பிடுங்கியிருப்பீர்கள். அந்த மட்டுக்குத் தப்பினேன்.

"ஏட்டி பொன்னம்மை, முட்டு வலிக்கதுக்கு மொகம் எதுக்குட்டி இப்பிடி வெளுக்கு?" என்று ஒருநாள் கேட்டாய்.

"நான் பொறந்ததே வெள்ளைக்காரியாக்கும்" என்றேன்.

நீ சிரித்துவிட்டாய். ஏன் சிரித்தாய் அக்கா? கன்னத்தில் ஒன்று வைத்து, இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா?

பிறகு நீ மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். உன் பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்ததும் உன் கொழுந்தன், அதுதான் என் வீட்டுக்காரர், "மைனி இல்லாம இனி உன் முட்டை யாரு தேய்ப்பா?" என்று என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். டாக்டரம்மாவிடம் என்னைப் பேசவே விடவில்லை. "இடது முட்டாக்கும். படி ஏறமாட்டா." டாக்டரம்மா காலை மடக்கி, நீட்டி, தட்டிப் பார்த்தார். "முட்டுல ஒண்ணும் இல்லையே" என்றார். உன் கொழுந்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டியா, ஒண்ணும் இல்லையாம்!"

வாசல் வரை வந்துவிட்டேன். அப்படியே பஸ் ஏறியிருப்பேன். அன்று காலையில் பாய் ரத்தத்தில் நனைந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. பயம் வெட்கத்தை மிதித்துக்கொண்டு முன்னால் வந்தது. "நீங்க போய் ஒரு சாயா குடிச்சிட்டு நில்லுங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"டாக்டரம்மா, முட்டு இல்லை. அதுக்கும் மேல."

"மேலண்ணா எங்க?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"எத்தனை மாசமா?"

"ஒம்பது மாசம். பிள்ளைதான் இன்னும் வரல்லை."

என் பேச்சுக்குச் சிரிக்காத முதல் ஆள் அந்த டாக்டரம்மாதான். திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் கை கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

கர்ப்பப்பையில் புற்றாம். "ஆரம்பத்துலயே வந்திருந்தா எடுத்துப்போட்டிருக்கலாம் அம்மா. இப்போ பரவிட்டு." திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்தால் ரத்தம் கொஞ்சம் அடங்கும், வலி குறையும் என்றார். குணமாகுமா என்று கேட்டேன். குனிந்து தாளில் எழுதிக்கொண்டே இருந்தார்.

நீ எண்ணெய் தேய்த்த அத்தனை நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் வாய் திறந்திருந்தால்?

பஸ்ஸில் வரும்போது உன் கொழுந்தனிடம் சொன்னேன். அவர் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது பழக்கத்தில் என் இடது காலைத் தாங்கிப் பிடித்தார். நானும் தடுக்கவில்லை.

ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லாம் நம்ம தாலுகா திருவனந்தபுரத்தை விட்டு மதராசோடு சேருமா சேராதா என்று சாயாக்கடையில் தொண்டை கிழியப் பேசுகிறார்கள். சேரும்போது நான் எந்தப் பக்கம் இருப்பேனோ? உன் பக்கம் என்றுதான் தோன்றுகிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் மருமகளையும் என் மருமகளையும் உட்கார வைத்து, ஒன்றையும் மறைக்காமல் பச்சையாகச் சொல்லிவிட்டுத்தான் நான் வருவேன். அவர்கள் காதைப் பொத்தினால் கையைப் பிடித்து இழுத்துவிட்டுச் சொல்வேன்.

திருவனந்தபுரத்தில் காட்டச் சொல்லி டாக்டரம்மா எழுதித் தந்த தாள் மழையில் நனைந்திருந்தது. முற்றத்தில் காயவைத்தேன். ஆடு தின்றுவிட்டது. புதன்கிழமை தாள் இல்லாமல் அங்கே போய், புது டாக்டரிடம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆட்டுக்கு ஒன்றும் இல்லை.

உன் அடுக்களையில் பாதிக்காரி,
உன் ஓரகத்தி பொன்னம்மை