இரண்டாம் நாள்

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. மலைக்குப் போகும் கூட்டம் பஸ் ஸ்டாண்டு வரை வழிந்து நின்றது. திருவாலங்காட்டிலிருந்து திருத்தணி வரை நின்றுகொண்டே வந்தேன். ரிப்பேர் கடையைத் திறந்ததும் மூன்று மிக்சி, ஒரு ஹோம் தியேட்டர். அப்புறம் இது: இரண்டு ஆள் தூக்கி வந்து என் மேசையில் வைத்த ஒரு ரெக்கார்டு பிளேயர்.

ஜப்பான் மெஷின். எனக்கு இருபத்து மூன்று வயது. அதற்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மற்ற பிளேயரில் மோட்டார் ஒரு மூலையில் இருக்கும், ரப்பர் பெல்ட் போட்டுத் தட்டைச் சுழற்றும். இதில் பெல்ட்டே இல்லை. மோட்டாரின் அச்சுதான் தட்டின் அச்சு. டைரக்ட் டிரைவ். பாலிடெக்னிக்கில் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன், கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான்.

கொண்டு வந்தவர் ஹேமநாதன். ஒரு காலத்தில் ரைஸ்மில் வைத்திருந்தவர், எங்கள் கடை இருக்கும் கட்டிடத்துக்குச் சொந்தக்காரர். ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தங்கள் வருவார்களாம், அதற்குள் பாட வேண்டுமாம். யார் பார்ப்பது என்று கேட்டார். கடை முதலாளி தில்ஷாத் அக்கா என்னைக் காட்டினாள். என் எதிரிலேயே அவளிடம் சொன்னார்: "பாத்து. இது மிக்சி இல்ல."

மிக்சியைக் கெடுத்தால் மட்டும் பரவாயில்லையா?

ஜூன் 12, வியாழன்

தட்டைத் தூக்கி, அச்சு உட்காரும் குழியைத் திறந்தேன். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் செக்கச் செவேல் என்று சேறு.

ரத்தம் மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். அப்புறம்தான் புரிந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நட்ட நடுவில், அச்சின் தலையில், சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம். நாற்பது வருஷப் பொட்டு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே இறங்கி, எண்ணெயோடு கலந்து, அரைக்கிற மண்ணாகிவிட்டது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, குச்சி, மறுபடியும் பஞ்சு. சாயங்காலம் வரை அதேதான்.

ஜாப் கார்டில் உள்ளதை எழுதினேன்: "அச்சுக் குழியில் குங்குமம், சந்தனம்." தில்ஷாத் அக்கா அதை அடித்துவிட்டு "தூசி" என்று எழுதினாள்.

ஏன் என்று கேட்டேன்.

"போர்டுல என் பேரு இருக்குது தேவி. குங்குமத்தால கெட்டுச்சுனு என் கடையில இருந்து சீட்டு போனா நாளைக்கு அத எவன் எப்பிடிப் படிப்பான்? தூசின்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அவள் சொன்னது நியாயம்தான். அந்த நியாயமே எனக்கு எரிச்சல்.

ஜூன் 14, சனி

நாலு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது, மாற்றினேன். விரிசல் விட்ட ஈயப் பற்று எல்லாவற்றையும் திரும்பப் பற்றவைத்தேன். மற்றபடி ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 18, புதன்

ஓடுகிறது!

தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கு. வேகம் கொஞ்சம் கூடினால் புள்ளிகள் முன்னால் ஓடும், குறைந்தால் பின்னால் நழுவும். சரியாக இருந்தால் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கும். நின்றது. கால் மணி நேரம் சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தில்ஷாத் அக்கா வந்து, "இன்னா, சாமி வந்துருச்சா உனக்கு?" என்றாள்.

மதியத்திலிருந்து வயிற்றுவலி. காலையிலேயே மாதவிலக்கு ஆரம்பித்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு, அச்சுக்குப் புது எண்ணெய் விட்டு, தட்டைப் பூட்டி முடித்தேன்.

நாளைக்கு அவர் வீட்டில் போய் வைக்க வேண்டும். இந்த மாதிரி மெஷினுக்கு ரிப்பேர் பாதி, வைப்பது பாதி. அது நிற்கிற இடத்திலேயே மட்டம் பார்க்க வேண்டும். பயணத்துக்காகக் கழற்றிய, ஊசியைத் தாங்கும் கையின் பின்பாரத்தைத் திரும்பப் போட வேண்டும். ஊசி ரெக்கார்டின்மேல் எத்தனை கிராம் அழுத்துகிறது என்று அங்கேதான் அளக்க வேண்டும். கூடினால் ரெக்கார்டு தேயும், குறைந்தால் ஊசி துள்ளும்.

ஜூன் 19, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

ஆட்டோவில் வழியெல்லாம் ஹேமநாதன் என்னை விசாரித்தபடி வந்தார். எந்த ஊர், திருவாலங்காட்டில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார். கரும்பு வெட்டுகிறார் என்றேன். எந்தத் தெரு என்றார். சொன்னேன். அதற்கப்புறம் பேசவில்லை.

மலையடிவாரத்தில் பெரிய வீடு. அவரும் ஆட்டோக்காரரும் மெஷினை உள்ளே கொண்டுபோனார்கள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி எல்லம்மாள் படிமேல் இருந்த வாசல் கேட்டில் கை வைத்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வீட்டுக்குத் தூரம் எதுவும் இல்லயேம்மா? சாமி ரூம ஒட்டித்தான் மெஷினு இருக்கும், அதான்."

இல்லை என்று ஒரு சொல். அதோடு முடிந்திருக்கும். அந்த ஒரு சொல் வாய்க்குள் வந்தும் விட்டது. ஆனால் நான் ஏன் சொல்ல வேண்டும்? மிக்சி ரிப்பேர் பண்ண வரும் ஆம்பளையிடம் உள்ளாடை துவைத்ததா என்று யாராவது கேட்கிறார்களா?

"தூரந்தாம்மா. ரெண்டாம் நாள். நேத்தும் இதே கையாலதான் உங்க மெஷினுக்கு எண்ணெ விட்டேன்."

அவள் முகம் போன போக்கு. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "அங்கயே நிக்கச் சொல்லு அவள."

நின்றேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, பதினைந்தடி தூரத்தில் இருக்கும் ஒரு மெஷினுக்கு வாயால் வேலை செய்தேன். நீர்மட்டக் குமிழ் நடுவில் இருக்கிறதா பாருங்க. பின்னால் இருக்கும் பாரத்தைத் திருகுங்க. அதுக்கு மேல இல்ல, அந்த வளையத்த மட்டும். அவர் எதைத் திருகினார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் இடத்தில் நான் இல்லை.

தண்ணீர் கொடுத்தார்கள். பேப்பர் கப்பில், படியில் வைத்து. அது இரண்டாம் நாளுக்காக இல்லை. அது ஆட்டோவில் நான் சொன்ன தெருவுக்காக.

ஜூன் 20, வெள்ளி

வீட்டில் சொன்னேன். நைனா கையைக் கழுவிக்கொண்டே, "இல்லன்னுட்டுப் போயிருக்கலாமில்ல? யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சொல்லாததுதான் அதிகம் சுட்டது.

இரும்புக்குப் பொட்டு. அந்தப் பொட்டால் கெட்டுப்போன இரும்பைத் துடைத்த கைக்குத் தூரம். இன்னாத்துக்குடா அந்தப் பூஜை? ஆயுதத்துக்கா, அத வெச்சிகினு கும்புடுறவனுக்கா?

ஜூன் 22, ஞாயிறு

ஹேமநாதன் தில்ஷாத் அக்காவுக்கு போன் செய்தாராம். தட்டு ராக்கெட் மாதிரி சுற்றுகிறதாம்.

ஜூன் 24, செவ்வாய்

மெஷின் திரும்பி வந்தது. அவரும் வந்தார். ரிப்பேரான மிக்சியைத் திரும்ப வாங்க வந்த மூன்று பேர் எதிரில் நின்று பேசினார். நன்றாக இருந்ததை நான் கெடுத்துவிட்டேனாம். வீம்புக்கென்றே எதையோ செய்து அனுப்பினேனாம். வாய் நீளமாம்.

"இந்தப் பொண்ணு இருந்தா கடை இருக்காது. ரெண்டுல ஒண்ணு நீயே முடிவு பண்ணிக்கமா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். பதினொரு வருஷமாக இந்த இடத்தில் இருக்கிறாள். புருஷன் போனபின் இதுதான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும். ஒரு தடவை மன்னிப்பு கேட்டுவிடு என்றாள். எதற்கு என்றேன். "எதுக்கோ. கேட்டுட்டு வேலயப் பாரு."

கேட்க மாட்டேன். கேட்காவிட்டால் இந்த வேலை போகும். போனால் அரக்கோணத்தில் ஏதாவது செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. உண்மையிலேயே நான் எதையாவது விட்டுவிட்டேனா?

ஜூன் 25, புதன்

திறந்தேன்.

வேகம் திருகும் இரண்டு குமிழ்களைச் சுற்றி மஞ்சள். குமிழுக்கு அடியில் மஞ்சள். அங்கிருந்து கோடாக வழிந்து, சர்க்யூட் போர்டில் காய்ந்து, நான் பற்றவைத்த ஈயத்தின்மேல் பொருக்காக மஞ்சள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு கருகியிருக்கிறது. போர்டின் மூலையில் வேப்பிலைத் துணுக்கு ஒன்று.

நான் படியிறங்கியதும் தெளித்திருக்கிறார்கள். மஞ்சள் தண்ணி. தீட்டுக் கழிக்க. மெஷினுக்கு.

சிரிப்பா வந்துச்சு, அழுகையா வந்துச்சு தெரியல. பெருமாள் கோயில் தேர்ல கூட எவனும் சுவிட்சு போர்டுல தண்ணி ஊத்த மாட்டான்டா.

போட்டோ எடுத்தேன். எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடலாம் என்று விரல் வைத்தும் விட்டேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். போட்டால் அவருக்கு அவமானம், அவளுக்கு நடுத்தெரு என்றாள். அவளையும் திட்டினேன். சொல்லக் கூடாததையும் சொன்னேன். உனக்கு வாடகைதான் அல்லா என்றேன். அவள் இன்னொரு மிக்சியைத் திறந்தாள்.

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 27, வெள்ளி

மதியம் ஷேர் ஆட்டோவில் எல்லம்மாள் வந்து இறங்கினாள். தனியாக. உட்காரவில்லை. போர்டைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வேப்பிலைத் துணுக்கை விரலால் தொட்டாள்.

"நான்தான் தெளிச்சேன். அவரு சொன்னாரு, நான் தெளிச்சேன். உன்னை வேலைய விட்டு அனுப்பப் போறாங்கன்னு அவரு முந்தாநாளுதான் சொன்னாரு."

நான் பொருக்கைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"ஆனா நீயும் மூஞ்சில அடிக்கற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"கேட்டீங்க, சொன்னேன்."

"ஆங். கேட்டேன்தான்." அப்புறம் வேறு யாரைப் பற்றியோ போலச் சொன்னாள்: "எனக்கு நின்னு பதினாலு வருசமாச்சு. அப்பவும் அந்த மெஷின நான் தொட்டதில்ல. பழக்கம்."

தண்ணீர் தெளித்ததால்தான் கெட்டிருக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று எல்லம்மாளிடம் தில்ஷாத் அக்கா கேட்டாள். சொல்லிவிட்டேன், ரெண்டு நாளாக அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிறார் என்றாள்.

அவள் போனதும் அக்கா போனை எடுத்தாள். ஹேமநாதனிடம்தான். மரியாதை குறையவில்லை, குரல் உயரவில்லை. மெஷின் தண்ணீர் பட்டுக் கெட்டிருக்கிறது, போட்டோ என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன் என்றாள். அப்புறம்: "ரிப்பேர் பண்ற பொண்ணுதான் சார் வீட்டுக்கு வந்து வைக்கும். உள்ள வந்து வைக்கும். அது தோதுப்படலன்னா மெஷின அப்பிடியே எடுத்துக்கங்க. கட்டிடம் உங்க இஷ்டம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எங்க வீட்லயும்தான் அந்த நாள்ல தொழுகை இல்ல. அதுக்காக சால்டரிங் அயர்ன தொடாதேன்னு எவனும் சொன்னதில்ல."

அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பு கேட்டேன். "மிக்சி ஜாரக் கழுவு" என்றாள்.

ஜூலை 5, சனி

சில்லு கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் பழைய போர்டிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்கிறார். ஹேமநாதனிடமிருந்து போனும் இல்லை, காலி பண்ணு என்ற பேச்சும் இல்லை. மெஷினை எடுத்துப் போகவும் ஆள் வரவில்லை. தினம் ஷட்டரைத் தூக்கும்போது ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்குமோ என்று பார்க்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

சில்லு வந்தது. புள்ளிகள் நின்றன. ஜாப் கார்டில் "தண்ணீர் பட்டது" என்று எழுதினேன். அக்கா படித்தாள். அடிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

போனேன். வைத்துவிட்டு வந்தேன்.

மெஷின் இப்போது சாமி ரூமை ஒட்டி இல்லை. முன் ஹாலில், ஜன்னலோரம், புது மேசைமேல். என்னை உள்ளே விட வேண்டும் என்பதற்காகச் சாமி ஒரு இஞ்சும் நகரவில்லை, மெஷின் நகர்ந்திருக்கிறது. சட்டம் அப்படியே இருக்கிறது, எல்லைக்கோட்டை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா?

ஹேமநாதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "வா" என்றார். அவ்வளவுதான்.

முட்டி போட்டு உட்கார்ந்து மட்டம் பார்த்தேன். மெஷினின் காலைத் திருகித் திருகிக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பின்பாரத்தைப் போட்டு, கை காற்றில் அப்படியே மிதக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒன்றே முக்கால் கிராம் ஏற்றினேன். அன்றைக்கு அவர் ஐந்து கிராம் ஏற்றி வைத்திருந்ததை மெஷின் திரும்பி வந்தபோதே பார்த்திருந்தேன். சொல்லலாமா என்று பார்த்தேன். சொன்னேன். பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

வேலை முடிந்ததும் அவர் சந்தனக் கிண்ணத்தோடு எழுந்து வந்தார். அச்சுக்கு நேராக விரல் போனது. எல்லம்மாள் சொன்னாள்: "மூடி மேல வைங்க." வைத்தார்.

எல்லம்மாளை ரெக்கார்டு போடச் சொன்னேன். ஊசியை எப்படி இறக்குவது என்று காட்டினேன். நான் நினைத்ததைவிடச் சட்டென்று இறக்கினாள்.

காபி வந்தது. பேப்பர் கப்பில்.

வாங்கிக்கொள்ளவில்லை. "டம்ளர் இல்லையாம்மா?" என்று கேட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேப்பர் அசையவில்லை. எல்லம்மாள் கப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வர நேரமாகிவிட்டது. சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். படியில் வைக்கவில்லை.

ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

இன்றைக்கும் இரண்டாம் நாள்தான். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.