பாதி வாளி யூரியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே பண்ணையில் மாடு மேயும் புல்வெளியில் ஒரு மூலையை வேலி போட்டுப் பிரித்து, வழக்கமான யூரியாவில் பாதி போட்டாலே புல் வளருமா என்று பார்த்தார்கள். தூவும் வேலை என்னுடையது. பாதி வாளியைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. நீங்கள் வயலில் ஒரு கை கூடுதலாகப் போடுவீர்களே, அந்தப் பழக்கத்தில் யாருக்கும் தெரியாமல் மீதிப் பாதியையும் தூவிவிட்டேன்.

புல் அடர்த்தியாக வந்துவிட்டது. இன்று மேற்பார்வை பார்க்கும் அக்கா அளந்து பார்த்துவிட்டு, "அடி ஊமைக்கோட்டான், உன் கை ராசியான கைடி! இனிமே எல்லா இடத்துக்கும் பாதிதான்" என்று முதுகில் தட்டினார். நானும் சிரித்துத் தொலைத்தேன். உண்மையில் பாதி போதுமா என்று யாருக்குமே தெரியாது. போதாவிட்டால் இருநூறு மாடுகளுக்குப் புல் குறையும், பழி அக்கா தலையில் விழும்.

கவலைப்படாதீர்கள், இங்கே யாரும் அடிக்க மாட்டார்கள். குளிருக்கு அம்மாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உரக்கடையில் பாதி மூட்டைகள் போதும் என்று சொல்ல அக்கா போனை எடுக்கிறார். அதற்குள் ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அவசரத்தில்,
உங்கள் மகள்